வண்டி சூடானா செல்ஃப் எடுக்கல, அவசரம்

கொங்குவண்டி:
காலையில ஒரே திருப்புல எடுக்குது. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு சாவி திருப்பினா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. அரை மணி நேரம் ஆறவிட்டா தானா சரியாயிடுது. பேட்டரி புதுசு. நாளைக்கு ஊருக்குப் போகணும். செல்ஃப் மோட்டாரையே மாத்திடலாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

மலைப்பாதை:
பெட்ரோலா, டீசலா? எந்த வருஷ மாடல்? ஸ்டார்ட் ஆகலைன்னா எப்படி ஆகல? இன்ஜின் சுத்தியும் பத்திக்கலையா, இல்ல சுத்தவே இல்லையா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

பழையகியர்:
சந்தேகமே வேண்டாம், வெயில்ல பெட்ரோல் ஆவியாகி லைன்ல அடைக்குது. பியூயல் லைன் மேல ஈரத்துணி போட்டுப் பாருங்க.

தறிச்சத்தம்:
சாவி திருப்பும்போது சத்தம் வருதா? ஹெட்லைட்டப் போட்டுட்டுத் திருப்புங்க, லைட் மங்குதான்னு பாருங்க. தள்ளினா எடுக்குதா?

கொங்குவண்டி:
பெட்ரோல், 2010, மேனுவல் கியர். இன்ஜின் சுத்தவே இல்ல. டிக்னு ஒரு சத்தம், சில நேரம் அதுவும் இல்ல. லைட் மங்கல. தள்ளினா உடனே எடுக்குது.

செப்புக்கம்பி:
இந்த நாலு வரிய முதல்லயே எழுதியிருந்தா இத்தனை பதில் மிச்சம். கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு தம்பி. பழையகியர் அண்ணே, தள்ளினா உடனே எடுக்குதுன்னா பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரியா இருக்குன்னு அர்த்தம். ஈரத்துணிக்கு இங்க வேலையே இல்ல.

லைட் மங்கலைங்கறதுதான் முக்கியமான துப்பு. புஷ் (தண்டு சுத்தற உலோக வளையம்) தேஞ்சு ஆர்மேச்சர் (மோட்டார்ல சுத்தற பாகம்) உள்ள உரசி இறுகிப் போயிருந்தா, மோட்டார் கரண்ட வாரி இழுக்கும், லைட் செத்துப்போகும். இங்க மோட்டாருக்குக் கரண்டே போகல. அப்ப சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடற காந்த ஸ்விட்ச்) முழுசா இழுக்கல, இல்ல இழுத்தும் உள்ள இருக்கிற செம்புக் கான்டாக்ட் ஒட்டல.

சூட்டுல மட்டும் ஏன்னா, சோலினாய்டுல இருக்கிற செம்புக் காயிலோட தடை சூட்டுல ஏறும். 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குப் போனா ஏறக்குறைய கால் பங்கு கூடும். கரண்ட் ஐந்துல ஒரு பங்கு குறையும், இழுப்பு விசை மூணுல ஒரு பங்குக்கு மேலயே குறையும். சாவி ஸ்விட்ச்ல கான்டாக்ட் கருகி ரெண்டு மூணு வோல்ட்ட ஏற்கெனவே தின்னுட்டிருந்தா, ஆறின காயில் அதையும் தாங்கி இழுத்துடும். சூடான காயில் இழுக்காது. செல்ஃப் புதுசு போட்டா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் அதே கதை.

மீட்டர்வாசி:
ஊகம் வேண்டாம், அளந்துடுங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். மீட்டர் 20 வோல்ட் டிசி. கருப்பு முள் செல்ஃப் பாடியில, சிவப்பு முள் சோலினாய்டோட சின்ன ஒயர் டெர்மினல்ல (50னு போட்டிருக்கும்). வண்டி எடுக்காத அந்த நேரத்துலயே ஒருத்தர் சாவியத் திருப்பிப் பிடிக்கணும், நீங்க அளக்கணும். சைலன்சர் பைப் பக்கத்துலயே இருக்கும், கை பத்திரம்.

10.5க்கு மேல காட்டியும் எடுக்கலைன்னா கோளாறு செல்ஃப்ல. 9க்குக் கீழன்னா மேல வர்ற வழியில: சாவி ஸ்விட்ச், கப்ளர் (ஒயர் இணைப்பு), ரிலே (சின்னக் கரண்ட்ல பெரிய கரண்ட ஓட்டற ஸ்விட்ச்) இருந்தா அது. அந்த டிக் கீழ செல்ஃப்ல இருந்து வருதா, ஃப்யூஸ் பெட்டியில இருந்து வருதான்னும் காது குடுத்துக் கேளுங்க.

எர்த் ஒயரையும் பாருங்க, ஆனா அத ஆறின வண்டியில, இன்ஜின் சுத்தும்போது பாக்கணும். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து செல்ஃப் பாடிக்கு 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. சுத்தாத நேரத்துல அளந்தா பெரிய கரண்ட் ஓடாது, கெட்ட ஒயரும் நல்லதாத் தெரியும்.

பழையகியர்:
அதுவரைக்கும் வீல் ஸ்பேனரால செல்ஃப் மேல ரெண்டு தட்டு தட்டுங்க, எடுத்துக்கும்.

செப்புக்கம்பி:
தட்டாதீங்க. இந்த வருஷத்துச் சின்னக் கார் பலதுல செல்ஃப் உள்ள இருக்கிறது ஒட்டவச்ச நிரந்தரக் காந்தம். அடி பட்டா உடைஞ்சு ஆர்மேச்சரையும் கிழிச்சுடும்.

பழையகியர்:
மெதுவாத் தட்டச் சொன்னேன், அடிக்கச் சொல்லல. தட்டி எடுத்தா பிரஷ் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் குடுக்கற கார்பன் கட்டை) தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சுபோகும். அதுவும் ஒரு சோதனைதான்.

தறிச்சத்தம்:
அதுல விஷயம் இருக்கு. இழுக்கிற காயிலுக்கு எர்த் கிடைக்கிறதே மோட்டார் பிரஷ் வழியாத்தான். பிரஷ் தேஞ்சு சரியா ஒட்டலைன்னா டிக் சத்தமே கூட வராது. சில நேரம் டிக் இல்லைன்னு அவரே சொல்றாரு. ஆனா தட்டறதுன்னா மோட்டார் உடம்புல வேண்டாம், சோலினாய்டு மேல மரக்கட்டையால போதும்.

செப்புக்கம்பி:
மீட்டர் இருக்கும்போது கட்டை எதுக்கு?

மலைப்பாதை:
அண்ணே, நடுரோட்டுல நிக்கறவன்கிட்ட மீட்டர் இருக்காது. அத விடுங்க. வோல்ட் குறைவா வந்தா 12 வோல்ட் 40 ஆம்ப் ரிலே ஒண்ணு போட்டுடலாம். சோலினாய்டுக்கு வர்ற பழைய ஒயரக் கழட்டி ரிலேயோட 86ம் நம்பர் பின்ல குடுங்க, 85ம் நம்பர் பின் எர்த். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 30 ஆம்ப் ஃப்யூஸ் வழியா 30ம் நம்பர் பின்னுக்கு, 87ம் நம்பர் பின்ல இருந்து சோலினாய்டுக்கு. 30, 87 ரெண்டு பின்னுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதுக்கப்புறம் சாவி ஸ்விட்ச் வழியா ரிலேக்கான சின்னக் கரண்ட் மட்டும்தான் போகும். வேலைக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவக் கழட்டிடுங்க, செல்ஃபோட பெரிய கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது.

செப்புக்கம்பி:
ரிலே ஒட்டு வேலை. கருகின ஸ்விட்ச மாத்தறதுதான் முறை.

மலைப்பாதை:
புது ஸ்விட்சும் அதே கரண்டச் சுமந்து அதே மாதிரிதான் கருகும். ரிலே போட்டா ஸ்விட்சுக்கும் ஆயுசு.

மீட்டர்வாசி:
ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துங்க. அவர் இன்னும் அளக்கவே இல்ல.

கொங்குவண்டி:
எலக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்து அளந்தேன். 50ல சூட்டுல 7.6 வோல்ட், ஆறினதும் 8.9. எர்த் 0.15. ரிலே போட்டாச்சு, இப்ப சூட்டுலயும் எடுக்குது. கிளம்பறேன், எல்லாருக்கும் நன்றி.

மீட்டர்வாசி:
ரிலே போட்ட பிறகு 50ல எவ்வளவு காட்டுது? ஃப்யூஸ பேட்டரிக்குப் பக்கத்துலயே வச்சாரா, ரிலேக்குப் பக்கத்துலயா? பேட்டரிக்குப் பக்கத்துலதான் இருக்கணும், இல்லைன்னா நடுவுல ஒயர் உரசினா அதைக் காப்பாத்த ஆளில்ல.

தறிச்சத்தம்:
ஊர்ல இருந்து திரும்பினதும் செல்ஃப இறக்கி பிரஷ் நீளத்தயும் ஒருமுறை பாத்துடுங்க. அந்த டிக் வராத நேரம் எனக்கு இன்னும் இடிக்குது.