புதுப்பிப்பு: கடைசியில் பி650 மதர்போர்டுதான் எடுத்தேன்

ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸருக்கு ஏ620 சிப்செட் உள்ள மதர்போர்டு போதுமா, அதைவிட வசதி கூடிய பி650 வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, பி650தான் எடுத்தேன். 65 வாட் பிராசஸருக்கு ஏ620 போதும் என்று சிலர் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு இரண்டு எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்பு டிரைவ்) போடணும், அதோடு இரண்டு மூன்று வருடம் கழித்து இதே ஏஎம்5 சாக்கெட்டில் 8 கோர் எக்ஸ்3டி (கூடுதல் கேஷ் மெமரி உள்ள பிராசஸர்) மாட்டும் ஆசையும் இருப்பதால் விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் சூட்டைத் தணிக்க நல்ல ஹீட்சிங்க் உள்ள போர்டாகத் தேடினேன். நாகர்கோவிலில் விசாரித்த ஒரு கடையில் வெறும் 'கேமிங் போர்டு' என்றே விலை சொன்னார்கள். மாடல் பெயரை முழுசாக எழுதி வாங்கி, தயாரிப்பாளர் தளத்தில் சரிபார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருந்தது, ரொம்பப் பயந்துவிட்டேன். அப்போது டிடிஆர்5 மெமரி டிரெய்னிங் (போர்டு ரேமைச் சோதித்துத் தனக்கேற்ப அமைத்துக்கொள்வது) நடக்கிறது, அணைக்காமல் பொறுத்திருங்கள். அப்புறம், பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யும்வரை என் 6000 எம்டி/எஸ் வேக ரேம் 4800இல்தான் ஓடியது.

மார்த்தாண்டம் பக்கம் மழை பெய்தால் கரண்ட் போய்ப்போய் வரும், அப்டேட் நடுவில் கரண்ட் போய்விடக் கூடாது என்பதால் யுபிஎஸ் வந்த பிறகுதான் பயாஸ் அப்டேட் செய்யப்போகிறேன்.