பேரே வாவிக்குக் கடல்நீர் விட்டால் பாசி சாகுமா?

கொட்டாஞ்சேனையான்: "கொழும்பு பேரே வாவிக்குள் கடல்நீரைத் திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் பாசி செத்துவிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வாவியில் மிதக்கிற அந்தப் பச்சைப் படலத்தில் இருப்பது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நுண்ணுயிர். அதில் சில வகைகள் லீற்றருக்கு 10 கிராம் உப்பு வரை தாங்கும். கடல்நீரிலே சுமார் 35. கொஞ்சம் கடல்நீர் கலந்தால் ஒன்றும் சாகாது.

வெள்ளவத்தை வாசன்: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாம். நன்னீரில் வளர்வது உப்பில் சாகும். ஊறுகாய் போடுகிற எந்த அம்மாவும் சொல்வார்.

கொட்டாஞ்சேனையான்: ஊறுகாய்ச் சாடிக்குள் கழிவுநீர்க் குழாய் விழுவதில்லை அண்ணை. 10 கிராம்! அதைத் தாண்டி உப்பு ஏறினால் செல் உடைந்து, உள்ளே இருக்கிற மைக்ரோசிஸ்டின் தண்ணீரில் கலக்கும். ஈரலைத் தாக்கும் நஞ்சு அது. செத்தது அழுகும்போது ஒட்சிசன் இறங்கி மீனும் மிதக்கும். அதற்கும் ஊறுகாய்தானா பதில்?

தெகிவளை ரீச்சர்: இரண்டு பேரும் உப்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கழிவோடு வந்து பாசிக்கு உரமாகிற பொசுபரசும் நைதரசனும் நிற்காதவரை பாசி போகாது, ஆள்தான் மாறும். உவர்நீரானால் குழாய் குழாயாக உல்வா என்ற கடற்பாசி வந்து கரையில் நாறும்.

வெள்ளவத்தை வாசன்: ரீச்சர், மைக்ரோசிஸ்டிஸ் பாசியே இல்லை, பக்டீரியா. முதலில் அதைத் திருத்துங்கள்.

தெகிவளை ரீச்சர்: நேற்று "பாசி செத்துவிடும்" என்று எழுதியது யார் தம்பி?

கொட்டாஞ்சேனையான்: பேச்சை மாற்றுவது இவருக்குப் பழக்கம். போன மழைக்கு, கால்வாய் வாயில் மணல்திட்டை வெட்டுவது பற்றிக் கேட்டபோதும் இதையே செய்தார். வாவியின் நீர்மட்டம் கடலைவிட உயரம். திறந்துவிட்டால் வாவித் தண்ணீர்தான் கடலுக்கு ஓடும். பம்ப் வைத்து ஏற்றப்போகிறீர்களா? வரட்சியில் களனி ஆறு வழியாக உப்பு ஏறி அம்பத்தளையில் எடுக்கிற குடிநீருக்கு ஆபத்து என்று அங்கே தடுக்கிறார்கள். இங்கே இவர் உப்பை வரவழைக்கச் சொல்கிறார்.

வெள்ளவத்தை வாசன்: மணல்திட்டில் நான் சொன்னதுதான் நடந்தது. அதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனையான்: 10 கிராமுக்குப் பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசன்: உப்பில் சாகும்.

கொட்டாஞ்சேனையான்: எத்தனை கிராமில்?