கந்தப்பு காலமானார்

(போன வெள்ளிக்கிழமை எங்கட குடும்பக் குரூப்பில நடந்தது. பேருகள் மாத்தியிருக்கு. எல்லாரிட்டையும் கேட்டுத்தான் போடுறன். சித்தப்பா மட்டும் இன்னும் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அது அவற்றை வழமை. – துஷி)

குரூப்: கொக்குவில் வீடு

வெள்ளி, காலை 6.41

மயூரன்: ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறோம். எங்கள் கந்தப்பு அண்ணை காலமானார். இறுதிக்கிரியை ஞாயிறு இரவு 9.30க்கு. எல்லாரும் கறுப்பில வரவும். பஸ்ஸை நான் கொண்டுவாறன்.

பெரியம்மா: ஐயோ

அம்மா: எங்கட கந்தப்புவோ?

பெரியம்மா: மயூரன் இரவு முழுக்க முழிப்பு. இப்பதான் படுத்தவன். கதவைத் தட்ட எழும்பிறான் இல்லை

சித்தப்பா (டொரண்டோ): ஆழ்ந்த அனுதாபங்கள் 🙏

சித்தப்பா: வீட்டுத் திறப்பு இப்ப ஆரிட்ட?

பெரியப்பா: கந்தப்பு எமது கொக்குவில் இல்லத்தை நீண்ட காலமாகப் பராமரித்து வந்தவர். நேற்று முன்தினம்கூட என்னோடு தொலைபேசியில் உரையாடினார். கிணற்றுக் கப்பி உடைந்துவிட்டது என்றார். அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும். நிற்க, எம்மவர் இரவில் தகனம் செய்வதில்லை. 9.30 என்பது காலையாக இருக்கவேண்டும்.

அம்மா: கறுப்பு ஏன்? வெள்ளை எல்லோ

பெரியம்மா: இரவு பஸ்ஸுக்கு சீற் சொல்லட்டோ? அவருக்கு முன் சீற் வேணும், கால் வீங்கும்

சித்தப்பா: திறப்பு??

அம்மா: தம்பி, செத்த வீட்டுக்குள்ள திறப்புக் கதையே

சித்தப்பா: கேட்டது பிழையோ அண்ணி. 10 வருசம் ஒருத்தன் தன்ர காணி மாதிரியே இருந்தா காணி அவனுக்கெண்டு சட்டம் இருக்கு

பெரியப்பா: அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். வீட்டை நான் பார்க்கிறேன். நீ பார்த்தது படத்தில்.

பெரியம்மா: இஞ்சை விடியக்காலமை தொடங்கியாச்சு

8.22

மயூரன்: ஐயோ!!! குரூப் மாறிப்போச்சு

மயூரன்: ஆரும் சாகேல்லை

மயூரன்: அது வேற கந்தப்பு. விளையாட்டில வாற ஆள்

பெரியம்மா: என்னடா சொல்லுறாய்

பெரியப்பா: நான் மூன்று பேருக்கு அறிவித்துவிட்டேன்.

அம்மா: மாமிக்கும் சொல்லியாச்சு. அவ அழுதுகொண்டு இருக்கிறா

மயூரன்: சொறி சொறி சொறி. விளங்கப்படுத்துறன். 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டது ஞாபகமோ. மே மாசம் எபிக் ஸ்டோர் எண்ட ஓன்லைன் கடையில ஜிடிஏ 5 எண்ட கம்ப்யூட்டர் கேமை ஒரு கிழமை சும்மா குடுத்தவங்கள். நாங்கள் ஏழு பேரும் இறக்கினம். வீட்டு டேட்டா முழுக்க அதிலதான் போனது (அப்பா, அண்டைக்கு நான் வேலைக்கெண்டு சொன்னது பொய்). ஃபைவ்எம் எண்டு ஒண்டு இருக்கு, அதால அந்த விளையாட்டுக்குள்ள எங்கட சேர்வரை, அதாவது எங்கட ஆக்கள் சேர்ந்து விளையாடுற இடத்தை, நாங்களே போடலாம். நாங்கள் சுட்டு விளையாடேல்லை. ஆர்பி, அதாவது ஆளாளுக்கு ஒரு பாத்திரம் எடுத்து அந்த ஆளாவே கதைச்சுப் பழகிறது. நான் சில்லறைக் கடை. துஷி நேர்ஸ். கீர்த்தி அண்ணா 100ம் நம்பர் பஸ் டிரைவர். அவர்தான் கந்தப்பு. கொக்குவில் கந்தப்பு அண்ணையிட பேரைச் சும்மா எடுத்தம், குரலும் அந்தக் குரல்தான். பாணந்துறை–புறக்கோட்டை எண்ட பெயர்ப்பலகையோட, கேமில வாற லொஸ் சாண்டோஸ் நகரத்துக் கடற்கரை ரோட்டில ஓடுவார். ஹோல்ட் இல்லாத இடமாப் பாத்து நிப்பாட்டி “பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் கிடக்கு” எண்டு கத்துவார். பின்னுக்கு ஆரும் இல்லை, நானும் துஷியும் மட்டும்தான்.

அம்மா: கீர்த்தியோ? என்ர கீர்த்தியோ?

துஷி: ஓம் அம்மா

அம்மா: எனக்கு ஒரு கோல் எடுக்க நேரமில்லாத பிள்ளைக்கு பஸ் ஓட நேரம் இருந்திருக்கு

துஷி: அண்ணா ஓன்லைன்ல நிக்கிறார். பாக்கிறார். பதில் இல்லை

ரம்யா (டொரண்டோ): கந்தப்புவைக் கொல்லப்போறியளோ?? என்னட்டக் கேக்கேல்லை

மயூரன்: நீ மூண்டு மாசமா வரேல்லை

ரம்யா: எனக்கு அது மத்தியானம் 12 மணி மயூரன். ஞாயிறு. அப்பாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறது ஆர்

சித்தப்பா: என்னை ஏன் இழுக்கிறாய்

மயூரன்: அதுதான் பிரச்சினையே. கொழும்பில இரவு 9.30 எண்டா லண்டனில பின்னேரம் 5, டொரண்டோவில 12, மெல்பேர்னில விடிய 2 மணி. கீர்த்தி அண்ணா திங்கள் வேலைக்குப் போகவேணும், இப்ப பிள்ளையும் இருக்கு. எந்த நேரம் வைச்சாலும் ஆரோ ஒராள் நித்திரை.

அம்மா: பிள்ளை இரவில இன்னும் எழும்புதோ

பெரியம்மா: ஓமம் அவிச்சுக் குடுக்கச் சொல்லும்

அம்மா: ஒண்டும் கேக்கமாட்டாள் அவள். அது வேற கதை

மயூரன்: முடிக்க விடுங்கோ. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் கட் வந்தது எல்லோ, மார்ச் கடைசி. அப்ப கரண்ட் வெட்டுற அட்டவணையில வெள்ளவத்தைக்கு ஒரு எழுத்து, கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு எழுத்து. நான் அட்டவணையைப் பாத்து ரெண்டு பக்கமும் கரண்ட் இருக்கிற முக்கால் மணித்தியாலத்துக்குக் கதை எழுதுவன். ஒருநாள் துஷி ஒபரேஷன் செய்துகொண்டு இருக்கேக்க கரண்ட் போச்சு. நோயாளி அப்பிடியே மேசையில கிடந்தார், மற்ற நாள் பின்னேரம் வரைக்கும்.

துஷி: தப்பினவர் 😂

மயூரன்: பிறகு ஆக்கள் வெளிநாடு வெளிக்கிட்டினம். கதைக்குள்ள இல்லை, உண்மையா. பதினாலு பேர் இருந்த சேர்வர் ஒன்பதாச்சு. எல்லாரிட்டையும் நல்ல கம்ப்யூட்டர் இல்லையெண்டு ஃபைனல் ஃபேன்டஸி 14 எண்ட வேற ஓன்லைன் கேமுக்கு மாறினம். அங்க இலவசமா விளையாடலாம், ஆனா இலவசக் கணக்குக்காரர் கொம்பனியில, அதாவது எங்கட குழுவில, சேரேலாது. காசு கட்டினாத்தான். அப்ப மாசம் 12.99 டொலர். டொலர் 200 ரூபாயா நிண்டிருந்தா 2,600. மே மாசம் 360 வந்தோடன 4,700. இஞ்ச இருக்கிற பெடியள் மூண்டு பேர் அதோட நிண்டிட்டினம். வெளிநாட்டில இருக்கிறவை தாங்கள் கட்டுறம் எண்டினம். அதுவும் சரிவரேல்லை. ஆற்றையோ காசில விளையாடுறவன் கதைக்குள்ளயும் பணிஞ்சுதான் கதைப்பான்.

பெரியப்பா: அது உண்மை.

சித்தப்பா: அண்ணை என்ன சொல்லவாறார் எண்டு எனக்கு விளங்குது

பெரியப்பா: நான் விளையாட்டைச் சொன்னேன்.

ரம்யா: கந்தப்பு லாலஃபெல் ஆனதைச் சொல்லு

மயூரன்: ஓம். அந்த விளையாட்டில ஆக்கள் வேற வேற இனம். கீர்த்தி அண்ணா அவசரத்தில எடுத்தது லாலஃபெல். பூசணிக்காய் உயரம், குழந்தை முகம். பஸ்ஸும் இல்லை. அந்த உருவத்தோட “பின்னுக்குப் போங்கோ” எண்டா ஆர் போவினம். பகிடியா இருந்தது, ரெண்டு கிழமை. பிறகு அவரும் கதைக்கிறதைக் குறைச்சிட்டார். கேம் மாறேக்க பேரைக் கொண்டுபோகலாம், ஆளைக் கொண்டுபோகேலாது, அதை நான் அப்பதான் கண்டன்.

நேசன் மாமா (லண்டன்): இப்பதான் எழும்பினன். 168 மெசேஜ். ஆர் செத்தது?

அம்மா: ஒருத்தரும் இல்லை அண்ணா. மேல வாசியுங்கோ

நேசன் மாமா: வாசிச்சன். உது புதுசில்லை. நான் எசெக்ஸ் யுனிவர்சிட்டியில படிக்கேக்க 80கள். கம்ப்யூட்டர் அறையில இரவிரவாப் பெடியள் மட் எண்டு ஒண்டு விளையாடுவாங்கள். படம் இல்லை, வெறும் எழுத்து. அங்கத்தைப் பெடியள் ரெண்டு பேர், ட்ரப்ஷோவும் பார்ட்டிலும், 1978இல எழுதினது. ஒருத்தன் பரீட்சைக்கே போகேல்லை

அம்மா: நீங்களும் முதல் வருசம் பெயில் எல்லோ

நேசன் மாமா: அது வேற காரணம்

பெரியம்மா: ஞாயிறு காலமை 8இலருந்து தண்ணி வராதாம். எல்லாரும் பிடிச்சு வையுங்கோ

அம்மா: கொழும்பு 6 முழுக்கவோ?

பெரியம்மா: ஃபிளட்டில நோட்டீஸ் ஒட்டியிருக்கு

மயூரன்: அம்மா ப்ளீஸ். விஷயம் இதுதான். ஃபைனல் ஃபேன்டஸியில எங்களுக்கு ஒரு குழு வீடு இருக்கு. கடற்கரையோரம். அங்க வீடு எடுக்கிறது சின்ன விஷயமில்லை, குலுக்கலில விழவேணும். துஷி முத்தத்தில தென்னை வைச்சவ. குழுவில ஒராளாவது 45 நாளைக்குள்ள ஒருக்கா வீட்டுக்குள்ள கால் வைக்காட்டி சிஸ்டம் வீட்டை இடிச்சிடும். இண்டைக்கு 41வது நாள். என்ர கணக்குக்குக் காசு முடிஞ்சுது.

(இதுக்குப் பிறகு நாலு நிமிசம் ஒருத்தரும் எழுதேல்லை. எங்கட குரூப்பில அது பெரிய நேரம்.)

பெரியம்மா: கொக்குவில் வீட்டுக்கு ஆர் கடைசியாப் போனது

பெரியப்பா: நான். தைப்பூசத்துக்கு.

சித்தப்பா: நான் 2018

நேசன் மாமா: 45 நாள் சட்டம் இஞ்ச இல்லாதது நல்லது

அம்மா: அண்ணா சும்மா இருங்கோ

மயூரன்: இப்ப கேள்வி என்னெண்டா, வீட்டை விட்டிட்டு மைன்கிராஃப்டுக்குப் போறதோ. அங்க நாங்களே பம்பலப்பிட்டிச் சந்தி கட்டலாம். ஆனா அந்தக் கேமில ரெண்டு வகை: ஃபோனில விளையாடுறவை பெட்ரொக், நானும் ரம்யாவும் கம்ப்யூட்டரில ஜாவா. ரெண்டும் சாதாரணமா ஒண்டையொண்டு காணாது. இடையில பாலம் மாதிரி ஒண்டு போட்டாத்தான் சரி, அதுக்கும் நான்தான் முழிக்கவேணும். எல்லாத்துக்கும் நான்தான். இனி ஏலாது. அதால மரியாதையா ஒரு முடிவு குடுப்பம் எண்டு யோசிச்சன். கந்தப்புவுக்கு ஹார்ட் அட்டாக். செத்தவீட்டுக்கு எல்லாரும் ஒருக்கா வருவினம். ஒரு கிழமையா இரவிரவா எழுதினன்.

ரம்யா: செத்தவீடு எண்டாத்தான் வருவம் எண்டு நினைச்சனியோ

மயூரன்: இல்லையோ?

ரம்யா: …

பெரியப்பா: மயூரன். நான் 1969இல் காத்தவராயன் கூத்து ஆடினவன். அதில் காத்தான் ஒருவன், ஆனால் ஆடுபவர் ஒருவரல்ல. சின்னக் காத்தானுக்கு ஒரு பெடியன், வளர்ந்த காத்தானுக்கு வேறு ஆள். அதே உடுப்பு. சனம் “இது ஆர்” என்று கேட்பதில்லை, காத்தான் வந்துவிட்டான் என்றுதான் பார்க்கும். ஒருத்தன் கொழும்புக்கு வேலைக்குப் போனால் மற்றவன் ஏறுவான். காத்தானைக் கொன்றுவிட்டுக் கூத்தை முடிப்பதில்லை.

சித்தப்பா: வளர்ந்த காத்தான் எனக்குத் தாறதெண்டுதான் பேச்சு

பெரியப்பா: உனக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது.

சித்தப்பா: உடையேல்லை. கூத்துப் பழக்கின அண்ணாவியாருக்கு நீ சொன்னது

அம்மா: கடவுளே, 1969

துஷி: பெரியப்பா சொல்லுறது நல்ல ஐடியா. கந்தப்புவை நான் ஓட்டுறன்

மயூரன்: நீ நேர்ஸ்

துஷி: நேர்ஸுக்கு இப்ப ஆர் நோயாளி? நீ மட்டும்தான்

10.05

கீர்த்தி அண்ணா (மெல்பேர்ன்): எல்லாம் வாசிச்சன். வேலையில நிண்டன்

கீர்த்தி அண்ணா: அம்மா இரவைக்கு எடுக்கிறன்

கீர்த்தி அண்ணா: மயூரா கந்தப்புவைக் கொல்லாத. விடிய 2 மணி எனக்குப் பிரச்சினையில்லை, எப்பிடியும் பிள்ளைக்குப் பால் கரைக்க முழிச்சுத்தான் இருக்கிறன். கதைக்க ஏலாது, மைக் போட்டா அவ எழும்பிடுவா. சும்மா பஸ்ஸை ஓட்டுறன்

மயூரன்: பஸ் ஃபைவ்எம்மில அண்ணா. வீடு மற்றதில

கீர்த்தி அண்ணா: அப்ப எதுக்குப் போறம்?

மயூரன்: அதைத்தான் காலமையிலருந்து கேக்கிறன்

துஷி: வீட்டுக்குள்ள ஒருக்கா காலை வைச்சிட்டு வருவம் முதல். என்ர பாங்க் கார்ட்டில காசு கட்டிப் பாக்கிறன்

ரம்யா: நான் கட்டுறன்

மயூரன்: திரும்பவும் அதேயோ

நேசன் மாமா: தம்பி எனக்கும் ஒரு பாத்திரம் இருக்கோ? எனக்கு 5 மணி வசதி

மயூரன்: மாமா உங்களிட்ட என்ன கம்ப்யூட்டர் இருக்கு?

நேசன் மாமா: ஐபேட்

மயூரன்: 🤦

10.31

பெரியம்மா: கந்தப்பு அண்ணைக்கு இப்பதான் எடுத்தன். சுகமா இருக்கிறார். புட்டுச் சாப்பிடுறாராம். இரவிலருந்து மூண்டு பேர் எடுத்து “இருக்கிறீரோ” எண்டு கேட்டவையாம்

அம்மா: பாவம். காலமையில தானே சொன்னம். இரவில ஆர் எடுத்தது?

மயூரன்: சேர்வரில செத்தவீடு எழுதேக்க குரலுக்கு ஒரு ரெஃபரன்ஸ் வேணுமெண்டு ஒருக்கா எடுத்தன்

பெரியம்மா: மயூரன்!

பெரியம்மா: இன்னொண்டு. கப்பி மாத்தினது தன்ர காசிலயாம். மூண்டு மாசச் சம்பளமும் வரேல்லையாம். இந்த முறை ஆற்றை முறை எண்டு கேட்டார்

பெரியப்பா: இந்தக் காலாண்டு டொரண்டோ.

சித்தப்பா: இல்லை. நான் போன வருசம் கூரைக்கு அனுப்பினது அதுக்குள்ள

அம்மா: நான் உலை வைச்சிட்டு வாறன்

மயூரன்: அப்ப ஞாயிறு 9.30 சரியோ? செத்தவீடில்லை. சும்மா சந்திப்பு. ஆக்கள் ஒரு 👍 போடுங்கோ

துஷி: 👍

ரம்யா: பாப்பம்

கீர்த்தி அண்ணா: எந்தக் கேம் எண்டு சொல்லு, போடுறன்

பெரியம்மா: தண்ணி பிடிக்க மறக்காதேங்கோ