சிரங்குக்கு க்ரீம் பூசியும் அரிப்பு நிக்கல

கேள்வி: சிரங்குக்கு டாக்டர் 5% பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக் கொடுத்தார். விரல் இடுக்குல, மணிக்கட்டுல பூசினேன். நாலு நாளாச்சு, ராத்திரியானா அதே அரிப்பு. தினமும் பூசலாமா?

பதில்: தினமும் வேண்டாங்க, தோல் எரியும். அரிக்கிற இடத்துல மட்டும் பூசி நானும் ஏமாந்தேன். கழுத்துக்குக் கீழ உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலகூட பூசணும். 8லிருந்து 14 மணி நேரம் கழிச்சுக் குளிங்க. நடுவுல கை கழுவினா கையில மறுபடி பூசணும். நான் கோட்டை விட்டது அங்கதான். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை.

இன்னொரு பதில்: வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல பூசினீங்களா? கைக்குழந்தை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுப் பூசுங்க. துணி, போர்வையை வெந்நீர்ல துவைங்க.

கேட்டவர்: எங்க வீட்டுக்காரர் மாட்டேன்னுட்டார். அவருக்கு அரிக்கலையாம்!

முதல் பதில்காரர்: முதல் தடவை தொத்தினா அரிப்பு தெரிய 6 வாரம்கூட ஆகும். பிடிச்சு உக்கார வெச்சுப் பூசுங்க. சிரங்கை உண்டாக்கற பூச்சி செத்தாலும் 2, 3 வாரம் அரிக்கும்.