பனி மூட்டத்தில் ஓட்டோ லைட்டை நம்பலாமா?

நானுஓயாக்காரன்:
ஜப்பானில் இருந்து வந்த கார் ஒன்றை போன மாதம் எடுத்தேன். லைட் சுவிட்சை ‘ஓட்டோ’வில் வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு தொடவே இல்லை. பொழுது சாய்ந்தால் எரிகிறது, ரம்பொடை சுரங்கத்துக்குள் போனால் எரிகிறது, வெளியே வந்ததும் அணைகிறது. ஹட்டன் மாமா மட்டும் “அதை நம்பாதே” என்கிறார். ஏன் நம்பக்கூடாது? ஜப்பானில் 2020 ஏப்ரலில் இருந்து புது மாடல் கார்களுக்கு இது கட்டாயம். வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் கீழே போனால் 2 வினாடிக்குள் லைட் எரிய வேண்டும் என்பது விதி. ஆறரை மணிக்கும் லைட் போடாமல் எத்தனை பேர் வருகிறார்கள்! மனிதன் மறப்பான், சென்சர் மறக்காது.

மரக்கறி லொறி:
தம்பி, மாமா சொல்வதுதான் சரி. நான் 18 வருடமாக நுவரெலியாவில் இருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறேன். பிரச்சினை இரவில் இல்லை, பகல் பனியில். மூன்று மணிக்குப் பனி இறங்கினால் ரோடு இருட்டாகாது, வெள்ளையாகிவிடும். பக்கத்து மரம் தெரியாது, ஆனால் நீங்கள் சொன்ன 1,000 லக்ஸுக்கு மேலேதான் வெளிச்சம் நிற்கும். சென்சருக்கு அது நல்ல பகல்.

வட்டவளை இறக்கத்தில் ஒரு நாள் செக்கன்ட் கியரில் வந்துகொண்டிருந்தேன். திடீரென்று கண்ணுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற டிக்கி. ஒரு சிவப்புப் பொட்டு கூட இல்லை. பிரேக்கை மிதித்த மிதியில் கோவா மூட்டைகள் கெபினில் வந்து முட்டின. இறங்கிப் போய்ப் பார்த்தால், முன்பக்கம் வெள்ளை லைட் பளிச்சென்று எரிகிறது! ஓட்டிய பிள்ளை லைட் போட்டிருப்பதாகவே நினைத்திருந்தது. அது பகல் நேர லைட். நிறையக் கார்களில் அது எரியும்போது பின் லைட் எரியாது.

நானுஓயாக்காரன்:
அண்ணே, அது ஓட்டியவரின் பிழை. ஹெட் லைட் எரிந்தால் டாஷ்போர்டில் பச்சை அடையாளம் வரும், அதைப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டோ இல்லாத காராக இருந்தாலும் அவர் மறந்திருப்பார்.

மரக்கறி லொறி:
மறந்திருக்காது. பழைய வண்டியில் பனியைக் கண்டதும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். ‘அது பார்த்துக்கொள்ளும்’ என்று பழகிய கை போகாது. எனக்குக் கவலையே அதுதான்.

லிந்துலை டீச்சர்:
இரண்டு பேரும் வண்டிக்குள் இருந்தே பேசுகிறீர்கள். நான் நடப்பவள். பின்நேர வகுப்பு முடிந்து லயத்துப் பிள்ளைகளோடு வரும் ரோட்டில் ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் காண். ஒதுங்க இடமில்லை.

என் தம்பியின் காரில் ஹை பீமும் ஓட்டோ. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கெமரா, எதிரே வரும் லைட்டையும் முன்னால் போகும் வண்டியின் பின் லைட்டையும் தேடித்தான் டிம் பண்ணுகிறது. எங்கள் கையில் இருக்கும் போன் வெளிச்சம் அதற்குப் பெரும்பாலும் கணக்கில்லை. முடக்கில் இன்னும் மோசம். எதிர் வண்டி திரும்பி முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் டிம் ஆகிறது. பக்கத்து சீட்டில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அதற்குள் எதிரே வருபவருக்குக் கண் இருண்டுவிடும். அந்த நேரம் ரோட்டோரத்தில் பிள்ளைகள் நின்றால்?

கராஜ் பையன்:
டீச்சர் சொல்வது உண்மை. இன்னொன்றும் இருக்கிறது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு மூட்டை என்று ஏற்றினால் காரின் மூக்கு தூக்கும். அப்போது டிம் லைட்டே மற்றவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2 என்று ஒரு சின்னச் சில்லு இருக்கும், அதைத் திருப்பி லைட்டை இறக்க வேண்டும். என்னிடம் வரும் பலருக்கு அது எதற்கென்றே தெரியாது. பனியில் ஹை பீம் வேண்டவே வேண்டாம். நீர்த்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். 40 கிலோமீற்றர் வேகத்தில் கூட ஒரு வினாடிக்கு 11 மீற்றர் போகிறோம்.

நானுஓயாக்காரன்:
இப்போதுதான் வாசலில் எஞ்சினைப் போட்டுவிட்டு, நாளை பகல் வரை பொறுக்காமல் சென்சர் மேல் டோர்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் பகல் லைட், பின்னால் ஒன்றுமே இல்லை. லொறி அண்ணே, பனியில் இனிக் கையால் போடுகிறேன். ஆனால் இரவில் ஓட்டோ வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மரக்கறி லொறி:
இரவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே தம்பி. டீச்சருக்குப் பதில் சொல்லுங்கள்.

நானுஓயாக்காரன்:
ஹை பீம் ஓட்டோவை அணைத்துவிட்டேன் டீச்சர். டிம் லைட் மட்டும் ஓட்டோவில் இருக்கும். அதை மாற்ற மாட்டேன்.