டிராக்டர் நடுங்குகிறது, டேங்கில் மருந்து ஊற்றினால் சரியாகுமா?

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் பிசான நெல் நடவுக்குத் தொளி அடிக்கிற (சேற்றுழவு) நேரம். டிராக்டர் பதினைந்து வருடப் பழசு, மூன்று சிலிண்டர், பழைய மாதிரி டீசல் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலும்தான். சென்சார் கின்சார் கிடையாது.

காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. ஐடிலில் பானட் மேல் வைத்த டீ கிளாஸ் நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு வந்துவிடுகிறது. சூடேறினால் புகை நிற்கும், நடுக்கம் நிற்காது.

டீசல் பில்டர் மாற்றியாயிற்று. கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர் கிடந்தது (மழையில் கேனைத் திறந்து வைத்த என் புத்தி). டீசல் லைனில் புகுந்த காற்றையும் எடுத்துவிட்டேன். நேற்று இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். முதல் இரண்டில் சத்தம் சட்டென்று இறங்கியது. மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் நாசில் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றச் சொல்கிறார். படிந்த கரியைக் கரைக்கும், சரி. நாசிலுக்குள் இருக்கிற ஊசி தேய்ந்திருந்தால், சிலிண்டரில் கம்ப்ரஷன் (காற்றழுத்தம்) குறைந்திருந்தால் அது என்ன செய்யும்? மெக்கானிக்கோ பம்பையும் சேர்த்துக் கழற்று என்று நிற்கிறார். நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று.

யாராவது ஊற்றிப் பார்த்து, செத்த சிலிண்டர் உயிர் பெற்றதுண்டா? இல்லை, மூன்றாவது நாசிலை முதலாவதோடு மாற்றிப் போட்டு, கோளாறு கூடவே நகர்கிறதா என்று பார்க்கட்டுமா? அப்புறம், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் நாசிலை மட்டும் பிரஷர் வைத்து டெஸ்ட் செய்து தருகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லாதீர்கள், பம்புக்கு டீசல்தான் ஆயில்.