கிராமியக் கல்லூரிக்குப் பட்டம் பலமா, பாரமா?

செம்மண்:
திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானதைச் சாதனை என்று போற்றுவோர் பலர். அது தன் வழியிலிருந்து விலகத் தொடங்கியதே அப்போதுதான் என்பது என் கருத்து. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே தொடங்கியது, மருத்துவம், ஆதாரக் கல்வி (கைவேலை வழியாகக் கற்பிக்கும் காந்தியக் கல்விமுறை), கைத்தொழில் ஆகியவற்றை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் ஒரு நிலையம். அதிலிருந்து 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் முளைத்தபோது, பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை அது இரவல் வாங்கவில்லை. மூன்றாண்டு கிராம சேவைப் பட்டயம், சுகாதார ஆய்வாளர் பயிற்சி என ஊருக்கு எது தேவையோ அதையே பாடமாக்கியது. பட்டம் வழங்கும் தகுதி வந்தபின் அந்தத் தேவை இருந்த இடத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வந்து அமர்ந்தன. எளியவர்களுக்குத் தொழில் திறன் கற்பிக்கும் சமுதாயக் கல்லூரிகளைப் பட்டப்படிப்போடு இணைக்க வேண்டும் என்று இன்று வாதிடுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வைகைக்கரை:
ஐயா, உங்கள் வாதத்தை முழுமையாக மறுக்கிறேன். அந்தப் பட்டயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடியவர் என் பெரியப்பா. மத்திய அரசுப் பணிகளுக்கு அது பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருந்தும், நேர்காணலுக்குப் போன ஓர் அலுவலகத்தில், “இது டிப்ளமோதானே?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அந்த ஆணையின் நகலைப் பழுப்பு உறையில் எப்போதும் உடன் கொண்டு போவார். மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன தாளுக்குப் பின்புறம் சோற்றுப்பசை தடவி ஒட்டியிருந்ததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஊருக்கென்று தனிப் படிப்பு, நகரத்துக்கென்று தனிப் படிப்பு என்று பிரித்தால், ஊர்ப்பிள்ளையின் சான்றிதழுக்கு மட்டும் விளக்கக் கடிதம் தேவைப்படும். மேற்படிப்புக்குப் போக விரும்பியவர்களின் பாடு இன்னும் கடினம். 1976இல் கிடைத்தது, அந்தக் கடிதம் தேவைப்படாத ஒரு தகுதி.

செம்மண்:
உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்தது அநீதி என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் குற்றம் அந்த மேசையில் இருந்ததே தவிர, பாடத்தில் இல்லை. உயர்கல்வியை ஆராய்ந்த இராதாகிருஷ்ணன் ஆணையம் 1949இல் கிராமியப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தபோது, நகரக் கல்லூரியின் சிறிய நகலை அது கேட்கவில்லை. குஜராத்தின் சணோசராவில் கல்வியாளர் நானாபாய் பட் 1953இல் தொடங்கிய லோகபாரதி என்ற கிராமியக் கல்வி நிறுவனத்தைப் பாருங்கள். லோக்-1 என்ற கோதுமை ரகம், உழவர்களோடு கூடவே வாழ்ந்த அந்தச் சிறிய நிறுவனத்தில்தான் உருவானது.

நானே மாணவனாக ஒரு கிராமத்தில் பத்து நாள் தங்கியிருக்கிறேன். கோயில் திடலில் கோலமாவால் ஊரின் வரைபடத்தை வரைந்தோம். வீடுகளும் தெருக்களும் சரியாக வந்துவிட்டன என்று நாங்கள் நினைத்திருந்த வேளையில், ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, தெற்குத் தெருவின் கடைசியில் விரலால் ஒரு வட்டம் போட்டு, அங்கே ஒரு கிணறு இருப்பதாகவும், தங்கள் தெருவினர் மட்டுமே அதில் நீர் எடுப்பதாகவும் சொன்னார். அதுவரை எங்களை அழைத்துச் சென்று காட்டியவர்களில் ஒருவர்கூட அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் படிப்பில் இப்படி ஒரு பத்து நாளுக்கு முதலில் கத்தரி விழும் என்பதே என் அச்சம்.

கயல்:
இருவரும் காந்திகிராமத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒரு சமுதாயக் கல்லூரியில் தையலும் ஆடை வடிவமைப்பும் கற்பிப்பவள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலும், அதையடுத்துச் சென்னையில் ஒரு கல்லூரி 1996இலும் இந்த முறையைத் தொடங்கின. பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும் வயது கடந்தவர்களுக்கும் கதவைத் திறந்து, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி என்று படிப்பை அமைத்ததே அதன் தனித்தன்மை. என் வகுப்பில் பத்தாம் வகுப்போடு நின்ற, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் இருக்கிறார். பேருந்து நேரத்துக்கு ஏற்ப எங்கள் வகுப்பு நேரத்தை மாற்றியதால்தான் அவரால் வர முடிகிறது. பட்டக் கல்லூரியின் கால அட்டவணையில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. ஆகவே செம்மண் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் சான்றிதழ் வாங்கிய பின், “இதற்கு மேல் எங்கே படிக்கலாம், டீச்சர்?” என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

வைகைக்கரை:
கயல் அவர்களே, நான் கேட்பதும் இந்த ஏணியைத்தான். தொழில் திறன்களை நிலைவாரியாக வகுத்து, ஒரு நிலையில் முடித்தவர் அடுத்த நிலைக்கு ஏறலாம் என்று சொல்லும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்படி ஏறி வருபவரை எந்தப் பட்டக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும் என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

செம்மண்:
அந்த ஏணிக்கு நான் தடை சொல்லவில்லை. கயல் சொல்லும் அம்மாவுக்கு மேற்படிப்பின் வாசல் திறந்திருக்கத்தான் வேண்டும். இதில் என் முதல் பதிவின் கடுமையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இணைப்பு ஒப்பந்தம் எழுதும்போது, வகுப்பு நேரத்தையும் ஊரில் தங்கும் நாள்களையும் முடிவு செய்யும் உரிமை சிறிய கல்லூரியிடமே இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அந்த வரி இல்லாத இணைப்பை நான் தொடர்ந்து எதிர்ப்பேன்.